பக்கத்து சீட்டு பிரேக்

...சொல்லாமலே சாவியைக் கையில் கொடுத்துவிட்டால்தான் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது, உலகத்தில் விற்கிற ஒவ்வொரு காரும் எதையாவது ஒன்றைச் சொல்லாமல்தானே கைமாறுகிறது, ஒருவன் கீறலை மறைக்கிறான், ஒருவன் புகையை மறைக்கிறான், நாம் பாவம், ஒரு வார்த்தையை மறைக்கிறோம்... என்று நினைத்தபடியே மெதுவா சார் பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். 'மெதுவா சார்' என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "மெதுவா... மெதுவா..." என்று சொல்லிச் சொல்லித் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர், இப்போது தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். கைக்கு ஒரு சட்டைப் பொத்தான் அகப்பட்டது, அப்புறம் ஒரு தலைமுடிக் கிளிப், அப்புறம் புதினா மிட்டாய்க் காகிதங்கள், ஒன்று, இன்னொன்று, ஒரு பிடி. பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுப்பது அவர் வழக்கம். பல் டாக்டருக்குக்கூடக் கொடுத்தார், அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார், பயத்துக்கு முன்னால் பல் எங்கே, சொத்தை எங்கே. வந்தவர்கள் எல்லாம் பயத்தில் என்னென்னவோ உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், காரைக் கூட்டிப் பெருக்கினால் ஒரு சின்னக் கடையே வைக்கலாம். முட்டி வலித்தது. இடுப்பு வலித்தது. பாதம் மட்டும் வலிக்கவில்லை, அது வலித்தால் தேவலை... சாயங்காலம் காரை வாங்கிக்கொள்ளச் சலவைக்காரம்மா வந்துவிடுவாள், அதற்குள் காரைத் துடைக்க வேண்டும், மச்சினன் வந்து அந்த இரண்டாவது பிரேக்கைக் கழற்ற வேண்டும், அதற்கு அப்புறம் அவளிடம் அதைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். மூன்று வேலையில் கடைசி வேலைதான் பெரிய வேலை, அதற்குத் துணியும் தண்ணீரும் போதாது.

ஓட்டுகிறவர் காலடியில் கிடந்த கால்விரிப்பை, அந்த மேட்டை, தூக்கினார். தூக்குவது என்றால் லேசில்லை, நாலு மூலையிலும் பொத்தான் வைத்து அழுத்திய மேட்டு அது, பழைய ரப்பர் மேட்டில் தன் குதிகால் வழுக்குகிறது என்று சலவைக்காரம்மா பாடம் கற்க வந்த முதல் வாரத்திலேயே கெட்டித் துணியில் அளவெடுத்துத் தைத்துக்கொண்டு வந்து தானே குனிந்து போட்டது. "நீங்க எனக்கு ஓட்டச் சொல்லித் தர்றீங்க, நான் உங்களுக்கு ஒரு மேட்டாவது தைச்சுத் தரக் கூடாதா சார்?" அதற்கு அப்புறம் அதை யாரும் எடுத்ததில்லை, மேலாகத் தட்டியதோடு சரி. பொத்தான்கள் டப் டப்பென்று விட்டன. அடியில் மண், ஒரு காய்ந்த இலை, குண்டூசியை விடக் கொஞ்சம் தடித்து வளைந்த ஒரு சின்னக் கம்பிப் பின், துருப்பிடித்து, மேட்டின் அடித்துணியில் தன் வடிவத்திலேயே ஒரு செம்பழுப்புக் கறையை வைத்திருந்தது. எதனுடையதோ. பழைய காரில் ஒரு சாமான் கீழே கிடந்தால் எறியக் கூடாது, என்றைக்காவது ஒருநாள் அதைத் தேடுவோம், இது அவர் அனுபவம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தேடுகிற நாள் வரும்போது கார்தான் இருக்காது என்று அப்புறம் தோன்றியது, சிரிப்பு வரவில்லை, அலுப்புதான் வந்தது.

இந்தக் கார் மற்ற காரைப் போல இல்லை, இதற்கு இரண்டு பிரேக். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் அவர் காலடியில் ஒன்று, அதை அவர் மிதித்தால் ஒரு கேபிள் இழுத்து அந்தப் பக்கத்து பிரேக்கையும் அமுக்கும். ஸ்டியரிங் அவர்கள் கையில், உயிர் என் காலில்... என்று சொல்வார், சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் உள்ளுக்குள் அது சிரிப்பில்லை. தினம் காலையில் உட்கார்ந்ததும் அந்தப் பெடலை ஒருமுறை மிதித்து, 'ஆண்டவனே, இன்னைக்கும் நீதான்' என்று ஒரு கணம் கண்ணை மூடுவார். அப்புறம் நாள் முழுக்க அந்தக் கால் பெடலுக்கு மேலேயே நிற்கும், மிதிக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது, கொக்குக்குக்கூட மீன் கிடைத்தால் காலை மாற்றிக்கொள்ளலாம், அவருக்கு அதுவும் இல்லை. எத்தனை பேர், எத்தனை சந்து, எத்தனை நாய், எத்தனை சைக்கிள்... அவர் மிதித்திருக்கிறார். மிதித்துவிட்டு, வேர்த்துப்போய்த் திரும்பிப் பார்க்கிற முகத்திடம் ஒரே வாசகத்தைத்தான் சொல்லியிருக்கிறார்: "நான் தொடவே இல்ல, நீங்கதான் நிறுத்துனீங்க." பொய்தான். ஆனால் அதைப் பொய் என்று நினைக்க அவருக்கு மனம் வந்ததில்லை, அதுவும் புதினா மிட்டாய் மாதிரி ஒன்றுதான், வாயில் போட்டதும் கொஞ்சம் குளிர்ச்சி, அடுத்த நாள் வர ஒரு தைரியம். தன்னால் முடியும் என்று ஒருவன் நம்பினால்தானே முடியும்? கடவுளும் நம்மிடம் அப்படித்தானே நடந்துகொள்கிறார், நடத்துகிறவர் அவர், நாம் நடந்ததாக விட்டுவிடுகிறார்... இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொல்லி வைத்திருந்தார், எல்லா நியாயமும் சரியாகத்தான் இருந்தது, சலவைக்காரம்மா இந்தக் காரை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று போன் செய்த நாள் வரைக்கும்.

"எனக்கு இந்தக் கார்தான் வேணும் சார், வேற கார் வேண்டாம். இதுலதான் நான் நிறுத்துனேன்." போனில் அப்படியே சொன்னாள். எதை என்று அவர் கேட்கவில்லை, தெரியும். பள்ளிக்கூட மதில் திரும்புகிற அந்த வளைவு, பள்ளி விட்ட நேரம், ஒரு சின்னப் பெண், முதுகில் அவளை விடப் பெரிய பை, வாசலுக்குள் நிற்கிற யாருக்கோ கையாட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து நடந்து வந்து அப்படியே தெருவில் இறங்கிவிட்டாள். முகம் தெரியவில்லை, பையும் ஆடுகிற கையும்தான் தெரிந்தன. அவர் மிதித்தார், தொடை நடுங்க, சீட்டில் முதுகு எம்ப, அப்படி மிதித்தார். கார் நின்றது. பம்பருக்கும் அந்தப் பைக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கக்கூட இடம் இல்லை. அந்தக் குழந்தைக்கு ஒன்றுமே தெரியாது, இன்னொரு தரம் கையை ஆட்டிவிட்டுத் திரும்பித் துள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டது. சலவைக்காரம்மா ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்ததில் ஹாரன் நீளமாக அலறியது, அதற்கே இரண்டு பேர் திட்டினார்கள். "சார், நீங்களா பிரேக் போட்டீங்க?" என்று கேட்டாள். அவர் குரல் நடுங்காமல், "இல்லம்மா, என் காலு சும்மாதான் இருந்துச்சு, நீங்கதான் நிறுத்துனீங்க" என்றார். அவள் அவர் காலைப் பார்த்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் "சரி சார்" என்றாள். அன்றைக்கு மட்டும் இரண்டு மிட்டாய் கொடுத்தார். ஒன்றைக் கணவருக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவள் கணவருக்குக் கண் மங்கிப்போய்விட்டது, அவர்தான் முன்பெல்லாம் வேனில் துணிமூட்டைகளை விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோய்ப் போடுவார், இப்போது கடையிலேயே உட்கார்ந்து தடவித் தடவி இஸ்திரி போடுகிறார், வேனும் படுத்துவிட்டது, அதனால் கார். நாளை காலையில் பின்சீட்டு நிறைய வெள்ளைப் போர்வைகளை அடைத்துக்கொண்டு அவள் தனியாக அதே வளைவில் திரும்புவாள். அதே பள்ளிக்கூடம். வேறொரு குழந்தை பின்பக்கமாக நடந்து வரும். குழந்தைகள் என்றைக்கு முன்பக்கமாக நடந்தார்கள்? அப்போது பக்கத்து சீட்டில் போர்வை இருக்கும், கால் இருக்காது, பெடலே இருக்காது. நிறுத்தத் தெரியும் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், அந்த நம்பிக்கையைக் கொடுத்தது யார்? ஓட்டைப் பானையைக் கொடுத்து, தண்ணீர் நிற்கும் போ என்று அனுப்பினது யார்? நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார், காரை அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் உண்மையையாவது சொல்லிவிட வேண்டும். மனைவி தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஏங்க, அந்தம்மா லைசென்ஸ் வாங்கி எவ்வளவு நாளாச்சு, அந்த வேனு படுக்கற வரைக்கும் ஓட்டிட்டுதானே இருந்தா, யார் மேல இடிச்சா?" என்றாள். கடைக்கும் விடுதிக்கும் நாலு தெரு தள்ளி ஓட்டியதை வைத்து என்ன சொல்ல, நிறுத்த வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான், வராத பரீட்சையில் எல்லோரும் பாஸ். "இப்ப போய்ச் சொன்னா அவளுக்குக் கை காலு ஓடாது. உங்க மனசு லேசாகறதுக்கு அவ தலையில பாரத்தை வைக்கணுமா?" மனைவி சொல்வது பாதி நேரம் சரியாக இருக்கும், மீதி நேரம் ரொம்பச் சரியாக இருக்கும், அதுதான் கஷ்டம். கால் மரத்துப்போனதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தானே, கடைக்குப் போய்விட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "என்னங்க இது, ஒரு கால்ல செருப்பைக் காணோம், இன்னொண்ணு பின்னால பஸ்ல வருதா?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தார், உண்மைதான். எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் வெறுங்காலில் நடந்தார், தெரியவில்லை, பாதத்தில் ஒரு கல் குத்தி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, அதுவும் தெரியவில்லை. டாக்டர் கண்ணை மூடச் சொல்லி ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டுத் தொட்டு, தெரியுதா, இப்ப தெரியுதா, என்று கேட்டார். எப்போது தொடப்போகிறார் என்று காத்துக்கொண்டே இருந்தார், எல்லாம் முடிந்துவிட்டது என்றார் டாக்டர். சர்க்கரை. நரம்பு. எவ்வளவு நாளாக? சொல்ல முடியாது, மெதுவாகத்தான் போகும். மெதுவா... எனக்கே மெதுவாவா? அன்றைக்கே காரை விற்பது என்று முடிவாயிற்று, உணர்ச்சியில்லாத காலை நம்பி ஒருத்தர் உயிரை எப்படி ஏற்றிக்கொள்வது.

மச்சினன் பதினோரு மணி வாக்கில் வந்தான், தெருமுனையில் பட்டறை வைத்திருப்பவன், மனைவியின் தம்பி, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு போல்ட்டோ பேச்சோ இருக்கும். "என்ன அத்தான், பொண்ணைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி குளிப்பாட்டி வச்சிருக்கீங்க, மாப்பிள்ளை வீட்டார் எப்ப வர்றாங்க?" சாயங்காலம் என்றார். "அப்ப அழுறதுக்கு நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓட்டுகிறவர் பக்கத்தில் தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்தான், வெளியே இரண்டு கால் மட்டும் தெருவைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன. அவர் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெடலின் ரப்பரைப் பார்த்தார், அவருடைய பெடல், நடுவில் தேய்ந்து வழவழவென்று குழிந்து போயிருந்தது, ஒரு மனுஷன் காலத்துக்கும் கும்பிட்ட படி மாதிரி. கழற்றியதும் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாமா, வைத்துக்கொண்டு என்ன செய்வது, கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்... அப்போது வெளியே ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன. "அத்தான்." என்ன என்றார். "இது எதையும் புடிச்சிருக்கல அத்தான்." எது? "கேபிள்தான். இந்த முனை பிரேக்குல மாட்டியிருக்கணும். சும்மா தொங்குது. கழட்டவே வேண்டாம், அதுவே எப்பவோ கழண்டு கெடக்கு." இப்போது இழுத்ததில் கழன்றிருக்கும் என்றார் அவர், அவர் குரலே அவருக்கு எங்கேயோ கேட்டது. "இப்பவா? நல்லா இருக்கே. கொக்கி பூரா துரு, ஓட்டையில சிலந்தி கூடு கட்டி, அது பேரப்புள்ளையே எடுத்திருக்கும். ஒரு மழைக்காலம் பார்த்ததா ரெண்டு பார்த்ததான்னு சிலந்தியைத்தான் கேக்கணும்." அப்புறம் தலையை வெளியே நீட்டி, முகமெல்லாம் கருப்பாக, சிரித்தபடி சொன்னான்: "இவ்வளவு நாளா நீங்க காத்தைத்தான் மிதிச்சிட்டு இருந்திருக்கீங்க."

வாசற்படியில் உட்கார்ந்தார். எப்படி, எப்படித் தெரியாமல் போயிற்று, தினம் காலையில் மிதித்துப் பார்த்தேனே, அது கீழே போயிற்று, மேலே வந்தது... ஸ்பிரிங் இருக்கிறவரை எதுதான் மேலே வராது. ஓட்டுகிறவர் பிரேக்கைத் தொட்டால் தன் பெடலும் சேர்ந்து இறங்கும், அந்த அசைவு உள்ளங்காலில் தெரியும், அது நின்றுபோயிருந்தால் தெரிந்திருக்க வேண்டாமா, தெரிந்திருக்கும், கால் கால் மாதிரி இருந்திருந்தால். சர்வீசுக்கு விடும்போதெல்லாம், "என் பக்கத்து பிரேக்கை நீ தொடாதே, அது என் பொறுப்பு" என்று மச்சினனிடம் சொன்னவர் யார்? பயம் இப்போதுதான் வந்தது, எல்லாம் முடிந்து வாசற்படியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்போது. சந்தைச் சரிவில் பல் டாக்டர், லாரிக்குப் பின்னால், கடவுள் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாரே, நாம் மிதித்தோம், நின்றது என்றுதானே நினைத்தோம். கல்யாணத்துக்கு முன் ஓட்டக் கற்றே தீருவேன் என்று வந்த பெண், ரயில் கேட்டுக்கு முன்னால்... அந்த ஓய்வுபெற்ற கணக்கர், எருமைக் கூட்டத்துக்கு நடுவில்... எல்லா இடத்திலும் அவர் மிதித்தார், எல்லா இடத்திலும் கார் நின்றது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கூரையைத் தான்தான் தாங்குகிறோம் என்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்குமே பல்லி... அதற்காவது கால் ஒட்டியிருக்கும். அப்படியானால் இந்த அலுப்பு? ராத்திரி படுத்தால் தொடை துடிக்குமே, கெண்டைக்கால் இழுக்குமே, மனைவி எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவாளே, எதைச் சுமந்து வந்த வலி அது? எதோடும் கட்டாத பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேனா? யார் நிறுத்தினார்கள்? 'இன்னைக்கும் நீதான்' என்று சொல்லிவிட்டு, நாள் முழுக்க நான்தான் நான்தான் என்று மிதித்துக்கொண்டிருந்தேனே, கேட்டுக்கொண்டிருந்தவன் சிரித்திருப்பானா, இல்லை, சிரிக்கிறவன் இல்லை அவன், கேபிளை மெல்லக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மனைவி டீ கொண்டுவந்தாள். தம்பி ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தான் போல, டம்ளரை அவர் கையில் வைத்து, "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலியே, டீயைக் குடிங்க" என்றாள். குடித்தார். மச்சினன் கேபிளைச் சுருட்டிக்கொண்டே, "இந்த முனையில ஒரு பின் இருக்கணும் அத்தான், வளைஞ்ச பின், அது விழுந்துதான் கழண்டிருக்கு. எங்க விழுந்துச்சோ" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. எடுத்தார். செம்பழுப்பாக, சின்னதாக, விரல் நுனியில் நின்றது. மேட்டுக்கு அடியில்... மேலே இல்லை, அடியில். நாலு பொத்தானும் அழுத்திய மேட்டுக்கு அடியில், அதன் துணியில் தன் கறையை வைத்துவிட்டு. அந்த மேட்டை அவள் போட்டது முதல் வாரத்தில். வளைவில் அந்தக் குழந்தை பின்பக்கமாக இறங்கியது அதற்கு ரொம்ப நாளுக்கு அப்புறம், மூன்றாம் கியர் பழகிய பிறகு. அப்படியென்றால் மேட்டு வருவதற்கு முன்பே பின் விழுந்துவிட்டது, அப்படியென்றால் அன்றைக்கு... ஓரமாக நுழைந்து போயிருக்குமோ, எறும்பா அது, நுழைய? இல்லை. அன்றைக்கு அவர் மிதித்தது காற்றை. அன்றைக்கு நிறுத்தியது அவள். டீ டம்ளரைக் கீழே வைத்தார். அப்படியானால் தான் சொன்னது பொய்யே இல்லை. "நீங்கதான் நிறுத்துனீங்க" என்று பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கிறேன், அதுவும் எத்தனை பேரிடம், வாயால் கொடுத்துவிட்டு மனசால் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து அழுத்திய பாரம் சட்டென்று இறங்கிவிட்டது, சொல்வதற்கு ஒன்றும் இல்லை, மறைப்பதற்கும் ஒன்றும் இல்லை, சாவியைச் சந்தோஷமாகக் கொடுக்கலாம். ஆனால் இறங்கிய இடத்தில் சந்தோஷம் வந்து உட்காரவில்லை, வெறுமையாக இருந்தது, பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோல மனம் அங்கேயே போய்ப் போய் வந்தது.

சாயங்காலம் சலவைக்காரம்மா வந்தாள். கையில் ஒரு துணிப்பை, உள்ளே வெளுத்து மடித்த சீட்டு உறைகள், காருக்கு என்று புதிதாகத் தைத்திருக்கிறாள், வாங்குவதற்கு முன்பே. அவற்றில் சோப்பு வாசனையும் இஸ்திரிச் சூடும் இன்னும் இருந்தன. "ஒரு சுத்து போயிட்டு வரலாம் சார், நீங்களும் வாங்க" என்றாள். பழக்க தோஷம், அவர் தன் சீட்டில்தான் போய் உட்கார்ந்தார், காலடியில் பெடல் இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அவள் கண்ணாடியைத் திருப்பினாள், சீட்டை முன்னால் தள்ளினாள், ஒன்றையும் மறக்கவில்லை, கார் நகர்ந்தது. தெரு, தையல்கடை, மருந்துக்கடை, பழம் விற்கிற வண்டி... நன்றாகத்தான் ஓட்டுகிறாள். எப்போதிலிருந்து இவ்வளவு நன்றாக? மதில் வந்தது, வளைவு வந்தது, பள்ளிக்கூடம் விட்டு நேரமாகிவிட்டது, வாசலில் ஒரு காவலாளி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார், தெருவில் யாரும் இல்லை, இருந்தாலும் அவள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல ஒரு கணம் நின்றே விட்டாள். பக்கத்தில் சின்னச் சிரிப்பு கேட்டது. "சார், காலு இன்னும் தேடுதே." குனிந்து பார்த்தார். அவருடைய கால் வெறும் தரையை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தது, தொடை வரைக்கும் விறைத்து.

"அன்னைக்கும் இப்படித்தான் மிதிச்சீங்க சார்" என்றாள், தெருவைப் பார்த்துக்கொண்டே. "நான் பார்த்தேன். உங்க செருப்பு அந்தப் பெடல்ல அப்படியே பதிஞ்சு கெடந்துச்சு, எடுக்கக்கூட மறந்துட்டீங்க. நீங்க நிறுத்திட்டு, நான் நிறுத்துனேன்னு சொல்றீங்கன்னு தெரிஞ்சுது." அவர் வாயைத் திறந்தார். அவள் பேசிக்கொண்டே போனாள், நிதானமாக, துணி மடிப்பதுபோல. வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அழுதேன் சார், எனக்கு வராது, விட்டுடறேன்னு. அவர் மிட்டாயை வாயில் போட்டுக்கிட்டே கேட்டுட்டு, உனக்காக ஒரு மனுஷன் பொய் சொல்லியிருக்கார், அதைப் பொய்யாவே விட்டுடுவியான்னார். அப்புறம் தினம் விடிகாலையில மைதானத்துல அந்த ஓட்டை வேன், நான் ஓட்டுவேன், அவர் பக்கத்துல உட்கார்ந்துக்குவார், கண்ணு தெரியாதே, அவர் பாட்டுக்கு எப்ப வேணும்னாலும் கையைத் தட்டுவார், தட்டினா நான் நிறுத்தணும். சில நாள் தட்டவே மாட்டார், காக்க வச்சுக் காக்க வச்சுத் தட்டுவார். "அந்த வேனு படுக்கற வரைக்கும் தட்டினார் சார். இப்பகூட அடுப்படியில யாராவது கை தட்டினா என் காலு தரையை மிதிக்கும்." சிரித்தாள். "அதான் இந்தக் கார்தான் வேணும்னேன். அந்த வாக்கை இதுலதானே சொன்னீங்க."

இதை எப்படிச் சொல்வது? சட்டைப் பையிலிருந்து பின்னை எடுத்தார், உள்ளங்கையில் வைத்து நீட்டினார், "இல்லம்மா... இதைப் பாருங்க, அந்தப் பெடல் அப்பவே வேலை செய்யல... கேபிள் கழண்டு கெடந்திருக்கு, இன்னைக்குத்தான் தெரிஞ்சுது, இந்தப் பின் உங்க மேட்டுக்கு அடியில இருந்துச்சு, நீங்க தைச்ச மேட்டு, அப்படின்னா நீங்க மேட்டு போடறதுக்கு முன்னாலேயே... நெசமாவே நீங்கதாம்மா நிறுத்துனீங்க." சொல்லச் சொல்லத் தன் குரல் தன் காதில் விழுந்தது. அதே குரல். அதே இழுப்பு, அதே அவசரம், அதே கனிவு, எத்தனையோ பேரிடம் சொன்ன அதே வாசகம். உண்மைக்கென்று தனியாக ஒரு குரல் அவரிடம் இல்லை, இருந்ததையெல்லாம் பொய்க்கே செலவழித்துவிட்டார். அவள் அந்தத் துருப்பிடித்த பின்னைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள், காய்ச்சல்காரக் குழந்தை எதையோ சொன்னால் கேட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி.

"சரி சார்" என்றாள்.

அன்றைக்கும் இப்படித்தான் சொன்னாள், அதை அவர் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார். பல் டாக்டர் "சரி சார்" என்றார். கல்யாணப் பெண் "சரி சார்" என்றாள். கணக்கர்கூட, அவரை விட வயதில் பெரியவர், எருமைகளைப் பார்த்தபடி, ஒரு மாதிரியாகச் சிரித்து, "சரி சார்" என்றார். வேர்த்து வடிகிற முகத்தோடு, மிட்டாயை வாங்கிக்கொண்டு... எத்தனை பேர் அந்தக் காலைப் பார்த்திருப்பார்கள்? பாவம் மனுஷன், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று எத்தனை பேர் விட்டுக்கொடுத்திருப்பார்கள்? யார் யாரைத் தாங்கிக்கொண்டு வந்தது இத்தனை வருஷமும்... அவள் கியரைப் போட்டாள், கார் வளைவில் திரும்பியது, "மெதுவா" என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, அவள் ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். காலை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார், எடுத்தும் விட்டார் என்றுதான் நினைக்கிறார். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் குனிந்து பார்க்க வேண்டும். பின்னை மறுபடி பையில் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தார்.